ஹாஃப் மாஸ்டர் பதில்கள்

இந்த மாதம் ஃபுட்பால் கேள்விகள்தான் அதிகம். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். மிச்சப் பாதிப் பேரின் பெயரை மட்டும் போட்டால் அழகாக இருக்காது என்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

*

உங்களை ஏன் ‘ஹாஃப் மாஸ்டர்’ என்கிறார்கள்? பாதி மாஸ்டரா?
— வாசகர், வியாசர்பாடி

கிண்டல் புரிகிறது. நானும் உங்கள் ஏரியாதான், பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் காலத்தில் மிட்ஃபீல்டர் என்ற சொல்லை கிரவுண்டில் யாரும் சொன்னதில்லை. ஃபார்வர்ட், ஹாஃப், பேக், கீப்பர், அவ்வளவுதான். பழைய 2-3-5 ஆட்டத்தில் நடுவரிசையில் நிற்கும் மூன்று பேருக்கு ஹாஃப் பேக் என்று பெயர். அந்த ஆட்டமுறை உலகத்தில் எப்போதோ ஒழிந்துவிட்டது. வட சென்னையில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. நான் ஒரு வங்கி அணிக்காகச் சென்னை சீனியர் டிவிஷன் லீக்கில் 10 வருஷம் ஹாஃபாக ஆடினேன். 6ஆம் நம்பர் பனியன். கோச் ஆன பிறகு பையன்கள் பின்னால் ஒரு ‘மாஸ்டர்’ சேர்த்துவிட்டார்கள்.

சம்பளத்தில் பாதியைப் பந்து, வலை, கூம்பு என்று தொலைப்பதால்தான் அந்தப் பெயர் என்பது என் மனைவியின் கட்சி.

*

என் மகனுக்கு 13 வயது. நடுவில் ஆடுகிறான். ஒல்லி, உயரமும் இல்லை, ஓட்டமும் சுமார். ‘நடுவுல போட்டா இடிச்சுத் தள்ளிடுவாங்க, ஓரத்துக்கு மாத்தறேன்’ என்கிறார் பயிற்சியாளர். பையன் அழுகிறான். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், கொளத்தூர்

அம்மா, 13 வயதில் ஒரே அணியில் மீசை அரும்பியவனும் இருப்பான், இன்னும் நாலாம் வகுப்புப் பையன் மாதிரி இருப்பவனும் இருப்பான். இந்த வயதில் உடம்பைப் பார்த்து இடம் ஒதுக்குவது, அரும்பைப் பார்த்து மாலைக்கு விலை பேசுவது மாதிரி. பெரிய ஹாஃபுகள் இருவரைச் சொல்கிறேன். லூகா மோட்ரிச்சின் உயரம் 172 சென்டிமீட்டர், சாவி 170. மோட்ரிச் 2018இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி’ஓர் விருது வாங்கினார். சாவி 2010இல் ஸ்பெயினோடு உலகக் கோப்பையைத் தூக்கினார். இரண்டு பேரும் யாரையும் இடித்துத் தள்ளிப் பெயர் வாங்கவில்லை.

நடுவில் ஆடுகிறவனின் கஷ்டம் வேறு மாதிரி. ஓரத்தில் ஆடுகிறவனுக்கு ஒரு பக்கம் கோடு காவல் இருக்கிறது, அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். பேக்குக்கு முழு ஆட்டமும் முகத்துக்கு எதிரே நடக்கிறது. ஹாஃபுக்கு நாலு பக்கமும் ஆள். முதுகுக்குப் பின்னால் வருகிறவன்தான் பந்தைப் பிடுங்கப் போகிறான். அதனால் பந்து காலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பந்து வந்த பிறகு பார்த்தால் கதை முடிந்தது.

எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1993இல் நேரு ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டித் திறந்த சமயம், நேரு கோப்பை சர்வதேசப் போட்டி நம் ஊரில் நடந்தது. வட கொரியா ஜெயித்த வருஷம். எனக்கு அப்போது 19 வயது. மேல் கேலரியில் உட்கார்ந்திருந்ததால் ஆட்டம் கேரம் போர்டு மாதிரி தெரிந்தது. ஒரு வெளிநாட்டு ஹாஃப், மூலக்கடை சிக்னலில் ரோட்டைக் கடக்கப் போகிற பெரியவர் மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தான். “அவனுக்கு இன்னா, கழுத்துல சுளுக்கா?” என்றார் பக்கத்திலிருந்தவர். பாதி ஆட்டம் நான் பந்தையே பார்க்கவில்லை, அவன் கழுத்தைத்தான் பார்த்தேன். நார்வேயில் கெயிர் யோர்டெட் என்ற ஆய்வாளர், பந்து வருவதற்கு முந்தைய விநாடிகளில் ஆட்டக்காரர்கள் எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவில் எண்ணியே ஆராய்ச்சி செய்திருக்கிறார் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ் அதிகம் சரியாகப் போகிறது என்பது அவர் கண்டது.

வீட்டிலேயே நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம், அம்மா. ஃபுட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொட்டை மாடிச் சுவரில் அவன் பந்தை அடிக்கட்டும். நீங்கள் அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று விரல் காட்டுங்கள், ஒன்று, மூன்று, ஐந்து என்று மாற்றி மாற்றி. பந்து சுவரில் பட்டுக் காலுக்குத் திரும்புவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் என்று இடம் மாறி நில்லுங்கள். தினமும் 10 நிமிஷம் போதும். முதல் வாரம் பந்து மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஓரத்தில் ஒரு வருஷம் ஆடினாலும் பையன் கெட்டுப்போக மாட்டான். கழுத்து பழகிவிட்டால் அவனை அவரே நடுவுக்குக் கொண்டு வருவார்.

*

மெஸ்ஸியா, ரொனால்டோவா?
— வாசகர், அயனாவரம்

புஸ்கெட்ஸ். அவரும் ஹாஃப்தான்.

*

நடுக்களத்தில் ஆடியவர்கள்தான் நல்ல கோச் ஆகிறார்கள், குவார்டியோலா, ஆன்செலோட்டி எல்லோரும் அப்படித்தானே? அப்படியானால் உங்களுக்கும் கோச்சிங் சுலபமாக வந்திருக்குமே?
— வாசகர், பட்டாபிராம்

முதல் பாதி சரி. குவார்டியோலா 1990 டிசம்பரில் பார்சிலோனாவுக்காக முதல் லீக் ஆட்டம் ஆடியதிலிருந்து பேக் வரிசைக்கு முன்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்தவர். ஆன்செலோட்டி, சிமியோனே, கான்டே, தேஷாம், ஜிதான் என்று எண்ணினால் இரண்டு கை விரலும் போதாது. 2018இல் சென்னையின் எஃப்.சி.க்கு இரண்டாவது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகரியும் இங்கிலாந்தில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர்தான். நம் இந்திய அணிக்கு 2025 ஆகஸ்டில் கோச்சாக வந்த காலித் ஜமீலும் ஹாஃப்தான். பெரிய நட்சத்திரங்கள் யாரும் இல்லாத ஐஸ்வால் அணியை 2016-17இல் தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியன் ஆக்கியவர் அவர்.

நடுவில் நிற்கிறவன் ஃபார்வர்டோடும் பேக்கோடும் பேச வேண்டியிருக்கிறது, ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் அவனுக்குத்தான் தெரியும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குப் பெயர் பிர்லோ.

ஆந்த்ரேயா பிர்லோவையும் சாபி அலோன்சோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஹாஃப், பேக்குக்கு முன்னால் நின்று 40 கஜம் பாஸ் போடுகிறவர்கள். இரண்டு பேரும் உலகக் கோப்பை ஜெயித்தவர்கள். இரண்டு பேரும் 2017இல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மூளையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

பிர்லோவை 2020 ஜூலைக் கடைசியில் யுவென்டஸ் தன் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சாகப் போட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, அந்தப் பையன்களை வைத்து ஒரு ஆட்டமும் ஆடவில்லை, ஆகஸ்டில் பெரிய அணியையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் தொடர்ந்து இத்தாலிய லீக்கை ஜெயித்துவந்த அணி அந்த வருஷம் நாலாவது இடத்துக்கு வந்தது. இத்தாலியக் கோப்பையை ஜெயித்தும் பிர்லோவின் வேலை போய்விட்டது.

அலோன்சோ தன் பழைய ஊருக்குப் போய், ரியல் சோசியடாடின் ‘பி’ அணிப் பையன்களோடு 2019லிருந்து 2022 வரை உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம்! பேருந்தில் போய், சின்ன கிரவுண்டில் ஆடி, தோற்று, கீழ் டிவிஷனுக்கும் இறங்கி. அதற்குப் பிறகுதான் 2022 அக்டோபரில் லெவர்குசன். அப்போது அந்த அணி ஜெர்மன் லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. 2023-24இல் அதே அணி 34 லீக் ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன்.

எனக்குக் கோச்சிங் சுலபமாக வந்ததா என்று கேட்டீர்களே? நான் பிர்லோ பக்கம். கால் அவருடையது மாதிரி இல்லை, தலைக்கனம் மட்டும் அவருக்குக் குறையாமல் இருந்தது. ஆட்டத்தை நிறுத்திய மூன்றாவது மாதமே 14 வயதுப் பையன்களுக்குக் கோச். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். “திரும்பு! லெஃப்ட்டு! ஒன் டூ போடு! பின்னாடி பார்றா!” காலையில் கத்தின தொண்டையோடு பத்து மணிக்கு வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் கஸ்டமருக்கு நான் சொல்வது கேட்காது. முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி.

ஏழாவது ஆட்டம் பெரம்பூரில். அதிலும் தோல்வி. முடிந்ததும் நம்ம ஹாஃப் பையனைப் பிடித்தேன். “ஏன்டா, பின்னாடி ஆளு வர்றான்னு அத்தனை தபா கத்தறேன், உன் காதுல வுழலையா?” அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னான். “வுழுந்துச்சு சார். நீங்க கத்தறதுலதான் அவன் வர்ற காலடிச் சத்தம் கேக்கல.”

வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூலக்கடை தாண்டும்போதுதான் உறைத்தது. நான் ஆடின காலத்தில் காலடிச் சத்தத்தை எனக்கு யாரும் அறிவித்ததில்லை. நானேதான் கேட்டேன். என் காலுக்குத் தெரிந்த விஷயத்தை என் வாயால் அவன் காலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்! அந்த ரூட்டில் பஸ்ஸே கிடையாது.

அடுத்த வாரத்திலிருந்து ஆட்டத்தின்போது வாயில் ஏலக்காய் ஒன்றை அடக்கிக்கொண்டேன். கடித்தால் கசக்கும், பேசினால் விழும். இன்றைக்கும் அப்படித்தான். பையன்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பத்திரிகையில் எழுத முடியாது.

*

எத்தனை வயதில் ஆட்டத்தை நிறுத்தினீர்கள்? ஏன்? எனக்கும் முட்டியில் லிகமென்ட் கிழிந்திருக்கிறது. வயது 22.
— வாசகர், பல்லாவரம்

30. முட்டி.

ஐப்பசி மழை விட்ட மறுநாள், கிரவுண்டு சொதசொதவென்று இருந்தது. யாரும் இடிக்கவில்லை. பந்து வாங்கித் திரும்பினேன், ஷூவின் அடியில் இருக்கிற ஸ்டட்ஸ் மண்ணில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். முட்டியின் முன்பக்கச் சிலுவைத் தசைநார், டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள்.

ஆபரேஷன் என்றதும் பயந்துவிட்டேன். எண்ணெய் போட்டுக் கட்டு கட்டிக்கொண்டு, இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்ததும் இறங்கி ஆடினேன். அது முழுக்க என் முட்டாள்தனம், வேறு யாரையும் சொல்ல மாட்டேன். கிழிந்த தசைநார் கட்டினால் ஒட்டாது. இரண்டாவது தடவை முட்டி நழுவியபோது உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அப்புறம்தான் ஆபரேஷன். திரும்பி வந்து அரை சீசன் ஆடினேன். ஓட முடிந்தது, பாஸும் போனது. ஆனால் பந்து வரும்போது தோளுக்கு மேல் பார்ப்பதை விட்டுவிட்டு முட்டியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்திருந்தேன். எனக்கே தெரியாது. எதிரணி கோச் ஒருவர், பழைய நண்பர், டீக்கடையில் வைத்துச் சொன்னார்: “நீ கீழ பாத்து ஆடறடா.” அந்த வாரமே பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி, உனக்கு 22 வயதுதான். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை விளையாட்டுக் காயம் பார்க்கிற எலும்பு டாக்டர் சொல்லட்டும். செய்துகொண்டால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மேட்ச் ஆடாதே. அதற்கு முன்னால் இறங்குகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். வலி இல்லை என்பது கணக்கே இல்லை, வலி மூன்றாம் மாதமே போய்விடும். பிசியோ பயிற்சியை நடுவில் விடாதே. நல்ல காலின் தொடைக்குச் சமமாக அடிபட்ட காலின் தொடை பலம் ஆகும் வரைக்கும் கிரவுண்டுக்குப் போனாலும் கோட்டுக்கு வெளியே நில். அந்த நேரத்தில் ஆட்டத்தைப் பார், ஒரே ஒரு ஆட்டக்காரனை 90 நிமிஷமும் பார். நான் அதைச் செய்யாமல் வீட்டில் படுத்து சீரியல் பார்த்தேன்.

*

கோச் ஆக என்ன படிக்க வேண்டும்? அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?
— வாசகர், அம்பத்தூர்

எனக்கு முந்தைய தலைமுறைக்குப் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமாதான் பெரிய விஷயம். பெயருக்கு முன்னால் டாக்டர் போடுகிற மாதிரி ‘என்.ஐ.எஸ். கோச்’ என்று போட்டுக்கொள்வார்கள். இப்போது அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தின் லைசென்ஸ் படிக்கட்டு. கீழே இ, டி. அதற்கு மேலே ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, உச்சியில் ப்ரோ. ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமைக் கோச் ஆக வேண்டுமென்றால் ப்ரோ வேண்டும். ஒரு படி முடித்ததும் உடனே அடுத்த படி ஏற விடமாட்டார்கள், நடுவில் அணியை வைத்து வேலை பார்த்திருக்க வேண்டும். அது எனக்குப் பிடித்த விதி. மேலே போகப் போகச் செலவும் ஏறும்.

டி லைசென்ஸ் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பி.டி. மாஸ்டர், லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 30 பையன்கள், ரெண்டே பந்து, 20 நிமிஷம் என்று பயிற்சி நடத்தச் சொன்னார்கள். அவர் யாரையும் வரிசையில் நிற்க வைக்காமல் எல்லோரையும் ஓடவிட்டார். என் முறை வந்தபோது 28 பேர் வரிசையில் நின்று மூக்கு நோண்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷ சீனியர் டிவிஷன் அனுபவம் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

குடும்பம்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அடுப்பு எரிவது வங்கிச் சம்பளத்தில்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த வேலை. என் அப்பா பாரிமுனையில் மீன்பாடி வண்டி ஓட்டியவர். நான் பந்து விளையாடுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னது, வேலைக்கான ஆர்டர் வந்த அன்றைக்குத்தான். கோச்சாக முதன்முதலில் ஒரு அகாடமியில் மாதம் 3,000 ரூபாய் கொடுத்தார்கள், அதிலும் இரண்டு மாதம் பாக்கி. இப்போது ஊரெல்லாம் டர்ஃப் வந்துவிட்டதால் சாயங்கால வகுப்பு எடுத்தே பிழைக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏப்ரல், மே மாதம் கூட்டம், ஜூனில் பள்ளி திறந்தால் பாதி, நவம்பர் மழையில் கால்வாசி. முதல் ஐந்து வருஷத்துக்கு வேறு ஒரு வருமானம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆடுகிற வயதிலேயே சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மழையில் நனைந்த சான்றிதழோடு வந்து அழுத பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

*

சென்னைக்கு ஐ.எஸ்.எல். கோப்பை இரண்டு வந்துவிட்டது. நம் தமிழ் ஆட்டக்காரர்கள், கோச்சுகள் எங்கே?
— வாசகர், திருவொற்றியூர்

இருக்கிறார்கள். நாம்தான் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

2015 இறுதியாட்டம் கோவாவில், 2018 இறுதியாட்டம் பெங்களூரில், இரண்டுமே 3-2. எதிரணியின் சொந்த ஊரிலேயே போய் ஜெயித்தவை. 2018 அணியில் நடுக்களத்தில் இருந்த தன்பால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு, ஈஸ்ட் பெங்காலின் தொடர் தோல்விக்கு முடிவு கட்டிய நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். 2018-19இல் சென்னை சிட்டி ஐ-லீக்கை ஜெயித்தபோது நம் ஊர்ப் பையன்கள் அதில் நிறையப் பேர். என்ன, அந்தக் கொண்டாட்டம் கோயம்புத்தூரில் நடந்தது.

கோச் என்றால் நான் முதலில் சொல்கிற பெயர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர். மாநில அணிகள் மோதுகிற தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியைக் கேரளா முதன்முதலில் ஜெயித்தது 1973இல், எர்ணாகுளத்தில், ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து. அந்த அணியின் கோச் இவர்தான். இன்றைக்கு ஃபுட்பால் என்றாலே கேரளா என்கிறோம். அங்கே முதல் கோப்பைக்கு வழி காட்டியது ஒரு தமிழர் என்று மலையாளிகளுக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் முழிக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ராமன் விஜயன், சையத் சபீர் பாஷா இருவரும் இந்தியாவுக்கு ஆடிய ஃபார்வர்டுகள், பிறகு கோச் ஆனவர்கள். ஹாஃப் என்றால் குலோத்துங்கன், தஞ்சாவூர்க்காரர். 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். பந்தை நிறுத்தாமல் திருப்பிவிடுகிற அழகு அவரிடம் இருந்தது. 2018இல் சாலை விபத்தில் போய்விட்டார். அவர் பயிற்சியாளராகத் தலை நரைத்துப் பார்த்திருக்க வேண்டும் நாம்.

*

நான் கல்லூரியில் படிக்கும் பெண். சென்டர் மிட்ஃபீல்ட் ஆடுகிறேன். பையன்களுக்கும் கோச்சிங் கொடுக்க ஆசை. ‘பொண்ணு சொன்னா பசங்க கேப்பாங்களா’ என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— வாசகி, கடலூர்

கடலூரா? அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறாய், அம்மா? உன் ஊர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுவில் ஆடிக்கொண்டே தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனவர். அவர் சொன்னால் யாராவது கேட்காமல் இருப்பார்களா என்று வீட்டில் கேட்டுப்பார்.

பெண்கள் ஆட்டத்தில் நம் மாநிலத்தின் கணக்கு, ஆண்களை வெட்கப்பட வைக்கிற கணக்கு. சீனியர் தேசியப் போட்டியில் 2018இல் மணிப்பூரையே இறுதியாட்டத்தில் தோற்கடித்தார்கள். அந்தப் போட்டியில் மணிப்பூரைத் தோற்கடிப்பது என்பது மெரினாவில் அலையைத் திருப்பி அனுப்புவது மாதிரி. 2023இல் மறுபடி சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது.

என்னிடம் உதவிக் கோச்சாக ஒரு பெண் இருக்கிறாள். முதல் நாள் 15 வயதுப் பையன்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. “யாராவது என்கிட்டேர்ந்து பந்தை எடுங்க பாப்போம்” என்று வட்டத்துக்குள் போய் நின்றாள். நாலு பேர் முயற்சி செய்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவளை ‘மிஸ்’ என்கிறார்கள், என்னைத்தான் ‘இன்னா மாஸ்டர்’ என்கிறார்கள்.

டி லைசென்ஸுக்குப் படிக்கும்போதே சேர்ந்துவிடு. கல்லூரி முடியட்டும் என்று காத்திருக்காதே.

*

இடைவேளையில் என்ன சொல்வீர்கள்?
— வாசகர், முகப்பேர்

15 நிமிஷம் இருக்கிறது. முதல் ஐந்து நிமிஷம் எதுவும் சொல்ல மாட்டேன். தண்ணீர், வாழைப்பழம், மூச்சு. அந்த நேரத்தில் எது சொன்னாலும் ஏறாது. பையன்கள் அவர்களுக்குள் சண்டை போடுவதைக் காது கொடுத்துக் கேட்பேன். யார் யாரைக் குறை சொல்கிறான் என்பதிலேயே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

பிறகு பையிலிருந்து கேரம் காய் எடுப்பேன். வெள்ளை நாங்கள், கறுப்பு அவர்கள், சிவப்பு பந்து. காந்தப் பலகை வாங்கிக் கொடுத்தார்கள், பிடிக்கவில்லை. கேரம் காய் வட சென்னைப் பையனின் கைக்கு அரிச்சுவடி மாதிரி. “நீ எங்க நிக்கறே, வை” என்பேன். அவனே வைப்பான். தப்பாக வைத்தால் பக்கத்தில் இருக்கிறவன் நகர்த்துவான். ஒரே ஒரு திருத்தம் நான் சொல்வேன், அதிகம் போனால் இரண்டு. மூன்றாவது மறந்துபோகும், கூடவே முதல் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒருமுறை சிவப்புக் காய் தொலைந்து பட்டாணியை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். பேக் பையன் அதைத் தின்றுவிட்டான்.

*

இப்போது நீங்கள் பந்தைத் தொடுவதே இல்லையா? ஆட ஆசை வருமா?
— வாசகி, பெரம்பூர்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, நாற்பது தாண்டினவர்கள் ஆடுகிற ஆட்டம் ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. ஒரு பக்கம் ஏழு பேர். பாதிப் பேர் தொப்பை, மீதிப் பேர் முட்டி உறை. டாக்டர் கூடாது என்று சொன்னதால் மனைவியிடம் சொல்லாமல் போவேன். இதைப் படித்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை.

போன வாரம் ஆள் குறைந்தது. என்னிடம் பயிற்சிக்கு வருகிற 14 வயதுப் பையன் ஒருவனை எங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டோம். நான் நடுவில். கீப்பர் எனக்கு உருட்டிவிட்டார். பந்து வந்துகொண்டிருக்கிறது. பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. “மாஸ்டர், ஆளு! பின்னாடி ஆளு!” நான் அதற்கு முன்பே இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஆள் எந்தப் பக்கம் வருகிறார், எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் திருப்பினால் தப்பிக்கலாம், எல்லாம் தெரியும். திருப்பினேன்.

முட்டி அரை விநாடி கழித்துத் திரும்பியது. பந்தை எடுத்துக்கொண்டு போனவர் 52 வயது எல்.ஐ.சி. ஏஜென்ட். கோலும் போட்டுவிட்டார். பையன் என் பக்கத்தில் வந்து நின்று, பேன்ட் பாக்கெட்டில் கையைவிட்டு, ஒரு ஏலக்காயை எடுத்து நீட்டினான்.